அறுபது விண்ணப்பம் போட்டும் பதில் இல்லை என்றால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது சரியா என்று முதலில் பாருங்கள். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கு 24 வயது. உயர்தரம் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆறு மாதக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது, ஒரு ஹாட்வெயார் கடையில் இரண்டு வருடம் கணக்கு எழுதியிருக்கிறார். ஐந்து மாதமாகப் போனிலேயே அறுபது வேலைக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு அழைப்புக்கூட வரவில்லை. போன வாரம் வாட்ஸ்அப்பில், மாலைதீவில் ஹோட்டல் வேலை நிச்சயம், பதிவுக்கு 15,000 ரூபாய் போடுங்கள் என்று ஒரு செய்தி வந்திருக்கிறது, அம்மா காப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார்.

முதலில் அந்தக் காப்பு அலுமாரியிலேயே இருக்கட்டும். மாலைதீவில் ஹோட்டல் வேலை இருப்பது உண்மை, நம் பக்கத்துப் பிள்ளைகள் போய் உழைப்பதும் உண்மை. ஆனால் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் நிலையத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும், அதோடு அந்த நிலையம் அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகத்தின் அனுமதியும் தனியாக இருக்க வேண்டும். இரண்டையும் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பணியகத்தின் இணையத்தளத்திலும் இருக்கிறது. போன் வேண்டாம் என்றால் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலை விஷயம் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரிடம் நேரே போய் விசாரிக்கலாம். செய்தி அனுப்பியவரிடம் நிலையத்தின் பெயர், உரிம இலக்கம், கந்தோர் விலாசம் மூன்றையும் கேளுங்கள். விசாரிப்பதை மட்டும் அவர் தரும் நம்பரில் செய்யாதீர்கள், 1989க்கு நீங்களே எடுங்கள். தனி ஆளின் வங்கிக் கணக்கில் காசு போடச் சொல்வது, இன்றைக்கே போடாவிட்டால் இடம் போய்விடும் என்பது, விசிட் விசாவில் போங்கள் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலே நிறுத்திவிடுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று இணையத்தில் நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகளை எல்லை தாண்டி மியன்மாருக்குள் கொண்டுபோய் அடைத்து, மற்றவர்களை ஏமாற்றும் இணைய மோசடி வேலையைச் செய்ய வைத்தார்கள். அவர்களை மீட்க அரசாங்க மட்டத்தில் பேச வேண்டியிருந்தது. அவர்களுக்கும் முதலில் வந்தது இந்த மாதிரி ஒரு செய்திதான்.

தம்பி ஏற்கனவே அடையாள அட்டையின் போட்டோவை அவர்களுக்கு அனுப்பியிருந்தால் பயந்து ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் அந்த உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வங்கிக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. காசும் போட்டிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இனிமேல் அடையாள அட்டைப் பிரதி யாருக்குக் கொடுத்தாலும், எழுத்துக்கு மேலாகக் குறுக்கே 'இன்ன நிறுவனத்தின் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.

சரி, இனி அந்த அறுபது விண்ணப்பங்களுக்கு வருவோம்.

நான் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் கந்தோரில் பதினோரு வருடம் வேலை செய்தேன், வேலைக்கு வரும் ஈமெயில்களைத் திறந்து பிரிப்பது என் பொறுப்பு. நம் கிழக்குக் கரையில் சுற்றுலா சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, அதற்கு ஆள் தேடுவது பெப்ரவரி மார்ச்சில், அந்த இரண்டு மாதமும் பெட்டி நிரம்பி வழியும். அதைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பதில் கிடைக்காத பிள்ளைகளில் நிறையப் பேரை யாரும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. அவர்களின் விண்ணப்பம் திறக்கவில்லை, அல்லது படிக்க முடியவில்லை, அல்லது படித்துப் பிடித்துப்போய் அழைத்தால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஒருமுறை வரவேற்புப் பகுதிக்கு ஒரு பையனைத் தெரிவு செய்து மூன்று நாள் தொடர்ந்து அழைத்தோம், சிம் வேலை செய்யவில்லை, ஈமெயில் திரும்பி வந்தது, இடம் அடுத்த பையனுக்குப் போனது. நாலு மாதம் கழித்து அவரே வாசலில் வந்து நின்று ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டார். தன்னை ஒருமுறை தெரிவு செய்திருந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

அதனால் புதிதாக ஒரு விண்ணப்பம் போட முன்னர் தம்பியின் போனை எடுத்து இதைப் பாருங்கள். ஜிமெயிலில் 'அனுப்பியவை' பகுதியைத் திறந்து, கடைசிப் பத்து மடல்களில் இணைத்த கோப்பைத் தொட்டுப் பாருங்கள், அது திறக்கிறதா, சரியான கோப்பா. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஏதாவது வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் அந்த மடல் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் முகவரியில் ஏதோ எழுத்து பிழை என்று அர்த்தம். விளம்பரத்தைப் பார்த்துக் கையால் அடிக்கும்போது ஓ எழுத்தும் பூச்சியமும் மாறுவது, கடைசியில் ஒரு புள்ளி சேர்வது எல்லாம் நடக்கும். அப்புறம் ஸ்பாம் பெட்டி. அங்கே விழுந்த மடல் 30 நாளில் தானாக அழிந்துவிடும், ஆகவே ஐந்து மாதத்தில் முன்னால் வந்தது ஏதும் இருந்திருந்தால் இப்போது தெரியாது. இன்று முதல் காலையும் மாலையும் அந்தப் பெட்டியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈமெயில் யார் திறந்து கொடுத்தது என்றும் கேளுங்கள். போன வருடம் கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை சி.வி. திருத்த என்னிடம் வந்தா. கொப்பியின் பின் மட்டையில் ஈமெயில் முகவரி எழுதியிருந்தது, பாஸ்வேர்ட் இல்லை. பரீட்சை விண்ணப்பம் போட்ட நாளில் சந்தியிலிருந்த கொம்யூனிகேஷன் கடைக்காரர் அவசரத்துக்குத் திறந்து கொடுத்த கணக்கு அது, மீட்பதற்கான போன் நம்பரும் கடையுடையது. பழைய போனில் லொக்-இன் ஆகி இருந்தவரை பிரச்சினை தெரியவில்லை. போன் உடைந்து புதுப் போன் வாங்கியதும் உள்ளே போக முடியவில்லை, கடைக்குப் போனால் அது மூடி ஒரு வருடமாம். அந்தப் பிள்ளை இருபது இடத்துக்கு அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தா. என் மேசையில் இருந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தா. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆகவே தம்பியின் பெயரில், அவரே, அவருடைய சிம்மில் ஒரு கணக்கு திறக்கட்டும். மீட்பு நம்பராக அம்மாவுடையதைக் கொடுக்கலாம். முகவரியில் அவருடைய பெயரும் தேவையென்றால் ஓரிரு இலக்கமும் போதும், பட்டப்பெயரும் நடிகர் பெயரும் வேண்டாம். பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

போன் விஷயம் சின்னது, ஆனால் நிறையப் பேர் விழுவது அங்கேதான். தெரியாத நம்பர் என்றால் எடுக்காத பழக்கம் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது, 011இல் தொடங்கினால் கொழும்புக் கந்தோர், 026 என்றால் நம் ஊர், விண்ணப்பித்திருக்கும் காலத்தில் இரண்டையும் எடுக்கத்தான் வேண்டும். சி.வி.யில் இரண்டாவது நம்பராக உங்களுடையதைப் போடுங்கள், யாராவது அழைத்தால் என்ன நிறுவனம், யார் பேசுகிறார், திரும்ப எந்த நம்பருக்கு எடுப்பது என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இனிப் பெயர். இணையப் படிவங்களைச் செய்தவர்களுக்கு நம் பெயர் முறை தெரியாது, அங்கேதான் நம் ஆட்கள் குழம்பிப் போகிறார்கள். உதாரணத்துக்கு அப்பா கந்தசாமி, பிள்ளை நிரோஷன் என்று வைத்துக்கொள்வோம். அடையாள அட்டையில் கந்தசாமி நிரோஷன் என்றிருக்கும். படிவத்தில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி வந்தால் பிள்ளை அட்டையில் இருக்கும் வரிசையிலேயே முதற்பெயரில் கந்தசாமி என்று போட்டுவிடுகிறது. பிறகு நிறுவனத்திலிருந்து அழைத்து 'கந்தசாமி இருக்கிறாரா' என்று கேட்கிறார்கள், வீட்டில் போனை எடுத்தவர் 'அவர் வயலுக்குப் போயிட்டார்' என்று வைத்துவிடுகிறார். இது நடந்த கதை. முதற்பெயர்ப் பெட்டியில் தன் பெயர், கடைசிப்பெயர்ப் பெட்டியில் அப்பா பெயர், முழுப்பெயர் என்று ஒரு பெட்டி இருந்தால் அதில் மட்டும் அடையாள அட்டையில் உள்ளது உள்ளபடி. வெளிநாட்டு வேலை என்றால் கடவுச்சீட்டில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அப்படியே. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், எல்லோரும் முகம்மது என்று முதற்பெயரில் போட்டால் பட்டியலில் நாற்பது முகம்மது வரும், படிவத்தில் அழைக்கும் பெயருக்கு இடம் இருந்தால் வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். சாதாரண தரச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், சி.வி.யில் இன்னொரு விதம் என்று இருந்தால், வேலை சரிவந்த பிறகு ஆவணம் சரிபார்க்கும் கட்டத்தில் இழுபடும். அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பாவியுங்கள், சான்றிதழில் வேறுபாடு இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருப்பது நல்லது. உங்கள் வயதுக்காரர்களின் அட்டையில் ஒன்பது இலக்கமும் பின்னால் வி எழுத்தும் இருக்கலாம், சில படிவங்கள் பன்னிரண்டு இலக்கம்தான் ஏற்கும். முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் அதுதான் பன்னிரண்டு இலக்கம்.

கோப்பு. சி.வி.யைப் பி.டி.எப். ஆக மட்டும் அனுப்ப வேண்டும். அச்சடித்த சி.வி.யை நிலத்தில் வைத்துப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள், ஓரத்தில் தரையோட்டுப் பூவும் கால்விரலும் தெரியும், எழுத்து மங்கலாக இருக்கும். அதைப் படிக்கக் கண்ணும் வராது, பெரிய நிறுவனங்களில் சி.வி.யை முதலில் வாசிக்கும் மென்பொருளுக்கும் அது வெறும் படம்தான். கூகுள் டொக்ஸில் இலவசமாகத் தட்டச்சு செய்து அங்கிருந்தே பி.டி.எப். ஆக இறக்கலாம், போனிலேயே முடியும். சான்றிதழ்களுக்குக் கூகுள் டிரைவில் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதில் எடுத்தால் ஓரம் வெட்டித் தட்டையாக வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்பாமல் டொக்யூமெண்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். கோப்புக்குத் தன் பெயரும் பதவியும் பெயராக இருக்கட்டும். எங்கள் கந்தோர்க் கணினியில் ஒரே நாளில் வெறும் 'சி.வி.' என்ற பெயரில் முப்பது கோப்பு இறங்கும், யாருடையது எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும், அலுத்துப்போகும்.

தமிழில் எழுதும் விண்ணப்பங்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஊரில் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் நிறைய அடிக்கிறார்கள். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய மாதிரி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேர்ட் கோப்பைத் திறந்தால் தமிழ் மறைந்து பொருளில்லாத ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். இணையப் படிவத்தில் வெட்டி ஒட்டினாலும் அப்படியே. நாங்கள் அப்படி ஒரு மடலைத் திறந்து வைரஸ் என்று நினைத்து மூடியிருக்கிறோம், பாவம், அது ஒரு பிள்ளை இருந்து யோசித்து எழுதிய விண்ணப்பக் கடிதம். போனில் கூகுள் தமிழ் விசைப்பலகையில் அடித்தால் அது யூனிகோட் என்ற பொது எழுத்துமுறை, எங்கேயும் தெரியும். கடையில் அடிப்பித்தால் யூனிகோடில் வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள், பி.டி.எப். ஆக்கி உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே நின்று திறந்து பாருங்கள்.

சி.வி.யின் உள்ளே என்ன எழுதுவது என்பதற்குத்தான் நான் அதிகம் நேரம் செலவழிப்பேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தம்பி அநேகமாக 'ஹாட்வெயார் கடையில் இரண்டு வருடம் வேலை' என்று ஒரு வரி எழுதியிருப்பார், மேலே 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்யக்கூடியவர்' என்று எங்கேயோ இருந்து எடுத்த நாலு வரி இருக்கும். அந்த நாலு வரியை எல்லோரும் எழுதுகிறார்கள், நான் ஒரு நாளும் அதை வாசித்து ஒருவரைத் தெரிவு செய்தது கிடையாது. அவரைப் பக்கத்தில் இருத்தித் தேநீர் ஒன்றைக் கொடுத்துக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பில் போட்டாய்? கணக்குப் புத்தகத்திலா எக்செலிலா? சரக்கு வரும்போது லொறியில் இறங்குவதை எண்ணிப் பார்த்தது யார்? கடன் வாங்கியவர்களின் கணக்கை யார் வைத்திருந்தது, அதைக் கேட்டு வாங்கியது யார்? வங்கிக்குக் காசு கட்ட முதலாளி உன்னை அனுப்பினாரா? கந்தளாயிலிருந்து வரும் வாடிக்கையாளரோடு சிங்களத்தில் கதைத்தது யார்? அவர் சாதாரணமாகச் சொல்லும் பதில்தான் சி.வி. நாளுக்கு இத்தனை பில், எக்செலில் சரக்குப் பதிவு, மாதக் கடைசியில் கடன் பட்டியல், வங்கியில் பணம் வைப்பு, தமிழிலும் சிங்களத்திலும் வாடிக்கையாளரோடு பேச்சு. காசு கட்ட நம்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பது ஒரு கணக்குப் பகுதிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கே தெரியாது.

மொழியை ஒரு மூலையில் ஒளித்து வைக்காதீர்கள். திருகோணமலைப் பிள்ளைகளுக்குச் சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டு வந்த சிங்களம் இருக்கிறது, கொழும்பில் வங்கிக்கும் போன் கம்பனிக்கும் தமிழ் வாடிக்கையாளரோடு பேச ஆள் வேண்டும். எந்த மொழியில் பேச வரும், எதில் எழுத வாசிக்க வரும் என்று பிரித்து உண்மையாக எழுதினால் அது எடுபடும். அடையாள அட்டை இலக்கம், மதம், அப்பாவின் தொழில் எல்லாம் தனியார் வேலைக்கான சி.வி.யில் தேவையில்லை, எங்கெங்கோ போகும் காகிதம் அது, கேட்கும்போது கொடுக்கலாம். உறவினர் அல்லாத இருவரின் பெயரைச் சான்றுக்குப் போடும்போது முன்கூட்டியே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்க பாடசாலை அதிபர் ஒருவருக்கு எடுத்தேன், அவருக்கு யாரென்று நினைவே வரவில்லை. கடை முதலாளி நல்லவராக இருந்தால் அவரையே போடலாம், அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆங்கிலம் தடுக்கிறது என்று சாட்ஜிபிடி மாதிரி ஒன்றில் எழுத வைப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை, பிழை திருத்த அது நல்ல துணை. ஆனால் அது இல்லாத அனுபவத்தையும் அழகாகச் சேர்த்துவிடும், தம்பிக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது, நேர்முகத்தில் அந்தச் சொல்லைப் பிடித்துத்தான் கேட்பார்கள்.

மடலை வெறுமையாக விட்டு சி.வி.யை மட்டும் இணைத்து அனுப்பாதீர்கள், முப்பது நிறுவனத்தின் முகவரியை ஒரே மடலில் போடவே கூடாது, வாங்குபவருக்கு மற்ற இருபத்தொன்பதும் தெரியும். தலைப்பில் பதவியின் பெயர், விளம்பரத்தில் இலக்கம் இருந்தால் அது, தம்பியின் பெயர். உள்ளே நாலு வசனம் போதும்: எந்த விளம்பரத்தை எங்கே பார்த்தேன், இந்த வேலைக்குப் பொருந்துகிற என்னுடைய ஒரு அனுபவம் இது, இன்ன திகதியிலிருந்து வரலாம், எங்கே தங்குவேன். கடைசியில் சொன்னது முக்கியம். நம் விலாசத்தைப் பார்த்ததும் கொழும்பில் இருப்பவர் யோசிப்பது இந்தப் பையன் எங்கே தங்குவான், இரண்டு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவானா என்பதைத்தான். வெள்ளவத்தையில் மாமா வீடு இருக்கிறது என்றால் அங்கே தங்குவேன் என்று எழுதிவிடுங்கள். நிலாவெளி ஹோட்டல் என்றால் இரவு ஷிப்ட் முடிந்து தம்பலகாமம் திரும்ப பஸ் கிடைக்காது, தங்குமிடம் தருவார்களா என்று கேட்டு எழுதலாம், மோட்டார் சைக்கிள் இருந்தால் அதைச் சொல்லலாம்.

எங்கே தேடுவது? டாப்ஜாப்ஸ், எக்ஸ்பிரஸ்ஜாப்ஸ், இக்மன், லிங்க்ட்இன் எல்லாம் பாருங்கள். டாப்ஜாப்ஸில் விளம்பரம் பெரும்பாலும் ஒரு படமாகவே இருக்கும், போனில் பெரிதாக்கிக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும், முடிவுத் திகதியும் எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஊரிலேயே வேலை வேண்டும் என்றால் இந்தத் தளங்கள் மட்டும் போதாது. சீனன்குடாப் பக்கம் பிறீமா மா ஆலை, டோக்கியோ சீமெந்து, எண்ணெய்த் தாங்கிகள், உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்கள், நகரத்து வங்கிக் கிளைகள் என்று இருக்கின்றன. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் வேலைவாய்ப்புப் பக்கம் இருந்தால் அதில் போடுங்கள், ஹோட்டல்களுக்கு ஈமெயில் அனுப்பிவிட்டு அச்சடித்த ஒரு பிரதியோடு நேரிலும் போய் வாருங்கள், பின்னேரம் மூன்று மணிக்கு மேல் போனால் கந்தோரில் ஆறுதலாக இருப்பார்கள்.

அரச வேலைக்கு வழி வேறு. வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் மூன்று மொழியிலும் வரும், இணையத்தில் இலவசமாக இறக்கலாம், காசு கொடுத்து எந்தக் குழுவிலும் சேர வேண்டியதில்லை. கிழக்கு மாகாண சபையின் வெற்றிடங்களுக்கு மாகாணப் பொதுச்சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களைத் தனியாகப் பார்க்க வேண்டும், அதன் கந்தோர் நம் ஊரிலேயே இருக்கிறது. சில பதவிகளுக்கு இணையத்தில் மட்டும், சிலதுக்குப் பதிவுத் தபாலில் மட்டும், சிலதுக்கு இணையத்தில் நிரப்பி அச்சுப் பிரதியையும் அனுப்ப வேண்டும். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயர் எழுதச் சொன்னால் எழுதியே ஆக வேண்டும். முடிவுத் திகதி இரவு வரை வைத்திருக்காதீர்கள், எல்லோரும் அந்த இரவில்தான் ஏறுவார்கள், தளம் தொங்கும். அனுப்பி முடிந்ததும் வரும் இலக்கத்தையும் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

அறுபது என்பது ஐந்து மாதத்துக்கு அதிகம். அவர் ஒரே சி.வி.யை வேலை எதுவென்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அழுத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன், மூன்று வருட அனுபவமும் பட்டமும் கேட்ட இடங்களும் அதில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு போதும், ஒவ்வொன்றுக்கும் அரை மணித்தியாலம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, திகதி, நிறுவனம், பதவி, எந்த முகவரிக்குப் போட்டேன், எந்தக் கோப்பு, பதில் என்று கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள். யாராவது திடீரென்று அழைத்து 'எங்களுக்கு விண்ணப்பித்திருந்தீர்கள்' என்றால் 'எந்தக் கம்பனி' என்று திருப்பிக் கேட்காமல் கொப்பியைத் திறக்கலாம். இரண்டு வாரம் பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு முறை மரியாதையாக நினைவுபடுத்தலாம்.

தம்பிக்கு இது உடனே தேவையில்லை, ஆனால் உங்கள் ஊரில் பலருக்குப் பயன்படும்: வருடக்கணக்காக மேசன் வேலையோ ஹோட்டல் சமையலோ செய்து சான்றிதழ் இல்லாதவர்கள், முன்பெற்ற அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையத்தில் விசாரிக்கலாம். இணைய விண்ணப்பத்தில் தகைமை என்ற பெட்டியை நிரப்ப அவர்களுக்கு ஏதாவது வேண்டுமே.

நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரச் சொன்னால் முதல் சுற்றை ஸூமில் வைக்க முடியுமா, திருகோணமலையில் இருக்கிறேன் என்று கேட்பதில் தப்பில்லை, பல இடத்தில் ஒத்துக்கொள்கிறார்கள். ஸூம் என்றால் போனைப் புத்தகங்களில் சாய்த்துக் கண் மட்டத்தில் வைத்து, வெளிச்சம் முகத்தில் விழ இருக்க வேண்டும், டேட்டா முதல் நாளே போட்டு வையுங்கள். கோயிலில் திருவிழா நடக்கும் நாட்கள் என்றால் ஒலிபெருக்கிக்குத் தூரமான வீடு ஒன்றை முன்பே பார்த்து வைக்க வேண்டும். நேரில் வரத்தான் வேண்டும் என்றால் இரவு ரயிலோ பஸ்ஸோ எடுக்கலாம். ஆனால் விடிய வந்திறங்கி நேரே கந்தோருக்கு ஓடாமல் எங்காவது குளித்து உடை மாற்ற இடம் பார்த்து வையுங்கள். மூலச் சான்றிதழ்கள் பையில் வைத்துக் கையோடு, பிரதி தனியாக.

தம்பியின் சி.வி.யை இங்கே போட்டால் பார்க்கிறேன், போடும் முன் போன் நம்பர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் மறைத்துவிடுங்கள். கடைக் கணக்கைப் பற்றி நான் மேலே எழுதிய கேள்விகளுக்கு அவர் சொன்ன பதிலையும் அவர் சொன்னபடியே தமிழில் எழுதி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்து ஆங்கிலத்தில் வரி வரியாக மாற்றித் தருகிறேன்.